கூடாரத்தின் மேலே ஒரு வண்டு

காலிமுகத்திடலிலே மாலை வேளைகளிற் பட்டம் விடும் பிள்ளைகளை நின்று பார்ப்பது நமக்கு நெடுநாட் பழக்கம். கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த சிறு பிராயத்தில் தந்தையாரின் விரலைப் பற்றிக்கொண்டு அங்கே சென்றோம். இன்று வெள்ளவத்தையிலிருந்து நம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். தந்தையார் வல்வெட்டித்துறையிற் பிறந்தவர். தைப்பொங்கல் நாளிலே அவ்வூர்க் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியை இன்று நாடே அறியும். கொழும்பிலே பறக்கும் பட்டங்களைக் கண்டால் அவருக்கு மனம் நிறைவதில்லை. "இவை எல்லாம் ஊமைப் பட்டங்கள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

காரணம் உண்டு. அவருடைய ஊரிலே பெரிய பட்டங்களுக்கு "விண்" பூட்டுவார்கள். வில்லைப்போல வளைத்த தடியிலே மெல்லிய நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் மேற் பொருத்திவிட்டால், காற்று மோதும்போது அந்த நார் அதிர்ந்து "ங்" என்று இரையும். மாலையில் ஏற்றிய பட்டத்தை மரத்திலே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். இரவு முழுவதும் விண் கூவிக்கொண்டிருக்கும். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே ஊர் உறங்கும். எந்தப் பட்டம் எந்த வீட்டாருடையது என்று ஓசையைக்கொண்டே சொல்லுவோரும் இருந்தனர் என்பார் தந்தையார்.

ஆகாயத்திலிருந்து வரும் இரைச்சல் ஒருவரைத் தாலாட்டி உறங்க வைக்கும். அதுபோன்ற இரைச்சலே மற்றொருவரைத் திடுக்கிட்டு எழுந்து ஓடவும் வைக்கும். சென்ற ஆவணி விடுமுறையிலே நாம் இதனைக் கண்கூடாகக் கண்டோம். கண்டதற்குக் காரணமாயிருந்த தவறு பிறருடையதன்று, நம்முடையதே. ஆகையாற் கூச்சத்தை விடுத்து இவ்வாரம் அதனை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

இக்காலத்திலே மலைச் சாரலிலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் அடித்து ஓரிரவு தங்கிவருவது கொழும்புக் குடும்பங்களிடையே பெருகிவரும் ஒரு வழக்கம். நாமும் நமது தொடர்மாடியில் வாழும் மூன்று குடும்பத்தினரும் சேர்ந்து ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மாத்தளைக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைப்பக்கத்தில், ஒரு நீரோடைக் கரைக்குச் சென்றோம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நமது தமக்கையாரின் மகனும் உடன் வந்தான். வயது பத்தொன்பது, நல்ல பிள்ளை. அவனுடைய தோட்பையிலே உள்ளங்கையளவான ஒரு ட்ரோன் இருந்தது.

நமது தொடர்மாடியின் மேல்மாடியிலே வாழ்பவர் வன்னியிற் பிறந்து வளர்ந்த ஒரு சகோதரி. அவரும் அவருடைய கணவரும் இரு பெண் குழந்தைகளும் நம்முடன் வந்திருந்தனர். பயணத்துக்கு அழைத்தபோது அந்தச் சகோதரி முதலில் இணங்கவில்லை. "முகாமோ? நாங்கள் முகாமிலை இருந்தது காணும்" என்றார். 2009ஆம் ஆண்டிலே அவர் இளம் பெண்ணாகச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் பல மாதங்களைக் கழித்தவர். கூடாரத் துணியின் வெக்கையையும், தண்ணீருக்கு வரிசையில் நின்றதையும் மறவாதவர். அப்படிப்பட்டவரிடம், காசு கொடுத்துக் கூடாரத்திலே படுக்கப் போவோம் என்று சொன்னது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும். கொழும்பிலே பிறந்த அவருடைய குழந்தைகள் விடாது கெஞ்சியதனாலேயே வந்தார்.

இரவு இனிமையாகக் கழிந்தது. விடியற் காலையிலே மூடுபனி விலகத் தொடங்கியபோது மருமகன் நம்மிடம் வந்து, "மாமா, இந்த இடத்தை மேலேயிருந்து ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். "எடு, எடு, நாங்களும் பார்ப்போம்" என்றோம். கல்லூரியிலே மாணாக்கருக்குக் குடியியல் போதித்து, உரிமையும் கடமையும் பற்றி மணிக்கணக்கிற் பேசும் நமக்கு, அந்த வேளையில் ஒரு வினாவேனும் தோன்றவில்லை. பக்கத்துக் கூடாரத்தாரைக் கேட்கவேண்டும் என்றோ, ஓடையிலே பெண்கள் முகங்கழுவவும் குளிக்கவும் சென்றிருக்கிறார்கள் என்றோ எண்ணினோமில்லை. புதுமையைக் காணும் ஆவல் ஒன்றே மேலோங்கி நின்றது.

யந்திரம் எழும்பிற்று, இரைந்தது. கூடாரங்களின் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடைப் பக்கம் திரும்பிற்று. அடுத்த கணம் ஓடைக் கரையிலிருந்து ஓர் அலறல் எழுந்தது. "வண்டு! வண்டு வந்திட்டுது! பிள்ளையளை உள்ளுக்கு எடுங்கோ!" ஈரச் சேலையோடு அந்தச் சகோதரி ஓடி வந்தார். ஒரு குழந்தையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் இழுத்துக்கொண்டு, கூடாரத்துக்குள்ளும் போகாமல், ஒரு பாறையின் அடியிலே குனிந்து குழந்தைகளின் மேற் கவிழ்ந்து கொண்டார். அவருடைய கணவர் ஓடிச்சென்று தோளைப் பற்றி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, தம்பியின்ரை விளையாட்டுச் சாமான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் வெகு நேரம் அவர் நிமிரவில்லை. குழந்தைகளோ ஏன் என்று அறியாமலே அழுதன.

வாசகர்களில் இளையோர்க்கு ஒரு விளக்கம் வேண்டும். போர்க் காலத்திலே வன்னி வானத்தில் ஆளில்லாத வேவு விமானங்கள் வட்டமிட்டபோது, அவற்றின் ஓயாத இரைச்சலைக் கேட்ட மக்கள் அவற்றுக்கு "வண்டு" என்று பெயர் வைத்தார்கள். வண்டு சுற்றினால் அதன் பின் எறிகணையோ குண்டோ வரும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். ஆகவே வண்டின் ஒலி கேட்டதும் பதுங்குகுழியைத் தேடுவது அவர்களுக்கு இயல்பாயிற்று. ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆயினும் செவி மறக்கவில்லை, உடம்பும் மறக்கவில்லை. வெள்ளவத்தையில் நமது மாடிப்படியிலே நாள்தோறும் புன்னகை செய்து செல்லும் அந்த அம்மையாருக்குள்ளே இத்தனையும் உறங்கிக் கிடந்ததை நாம் அறிந்தோமில்லை. அதனைத் தட்டி எழுப்பியது, கையடக்கமான ஒரு விளையாட்டுக் கருவி.

மருமகன் வெலவெலத்துப்போய் யந்திரத்தை இறக்கினான். "மாமா, இது 250 கிராமுக்குக் குறைவு. எங்கள் நாட்டிலே இதற்குப் பதிவே வேண்டாம். நான் சட்டத்தை மீறவில்லை" என்றான். பொய் சொல்லவில்லை. கனடாவிலே 2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 250 கிராம் முதல் 25 கிலோகிராம் வரை எடையுள்ள ட்ரோன்களைப் பதிவு செய்யவேண்டும். அவற்றை ஓட்டுபவர் சான்றிதழ் பெறவேண்டும். 250 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆனால் அவனுக்குத் தெரியாதது ஒன்றுண்டு. அதே கனடாவிலே, பான்வ் போன்ற தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றி எந்த ட்ரோனையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது. மீறினால் 25,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். கருவியின் எடை சிறிதாயிருத்தல் மாத்திரம் போதாது. அது பறக்கும் இடம் எது என்பதும் பார்க்கப்படும்.

அவனைக் குறை கூறுமுன் நம்மையே கேட்டுக்கொண்டோம்: நமது நாட்டு விதி நமக்குத் தெரியுமா? தெரியாது. வீட்டுக்குத் திரும்பிய பின்னர்த்தான் தேடிப் படித்தோம். படித்தவற்றிற் சிலவற்றை இங்கே தருகிறோம்.

இலங்கையிலே வானத்தில் எது பறந்தாலும், அது சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பொறுப்பு. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இதற்கு அடிப்படை. ஆளில்லா விமானங்களை எடைக்கேற்ப வகுத்து, எவற்றைப் பதிவு செய்தல் வேண்டும், எவற்றை எங்கே எவ்வாறு ஓட்டலாம் என்பனவற்றை அதிகாரசபை விதித்திருக்கிறது. பறப்புக்கு முன் அனுமதி பெறவேண்டும். பாதுகாப்பு அமைச்சின் இணக்கம் வேண்டப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டுவரும் கருவிக்கும் விலக்கு இல்லை. ஓட்டுபவரின் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் அது இருக்கவேண்டும். ஜனக்கூட்டத்தின் மேலே பறத்தலாகாது. விமான நிலையங்களையும் படைத்தளங்களையும் அணுகலாகாது. வெள்ளவத்தையிலே மொட்டைமாடியில் நின்று ட்ரோன் விட எண்ணும் பிள்ளைகள், இரத்மலானை விமான நிலையம் ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். விமான நிலையங்களின் அயலிலே பட்டம் விடுவதையே அதிகாரசபை எச்சரித்துத் தடுத்து வருகிறது. நூலிலே கட்டிய காகிதத்துக்கே இவ்வளவு கவனம் வேண்டுமாயின், மின்விசையினாற் பறக்கும் யந்திரத்துக்குச் சொல்லவேண்டுமோ?

காட்டுக்குள்ளே சென்றால் வேறொரு சட்டம் நம்மை எதிர்கொள்கிறது. யால, வில்பத்து, ஹோர்ட்டன் சமவெளி முதலிய தேசியப் பூங்காக்களெல்லாம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆட்சிக்குட்பட்டவை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவை காக்கப்படுகின்றன. அங்கே திணைக்களத்தின் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுதல் தகாது. பூங்காவுக்குள்ளே கூடாரம் அடிக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டு, கூடாரத்துக்கு மாத்திரமே அனுமதி. அதற்கு மேலேயுள்ள ஆகாயத்துக்கு அன்று.

"இஃதென்ன, எதற்கெடுத்தாலும் தடை!" என்று சில இளைஞர் முணுமுணுப்பது நமது செவியில் விழுகிறது. மனிதன் ஆகாயத்துக்கு எழும்பிய நாளிலேயே விதியும் உடன் எழும்பிவிட்டது என்பதை அவர்கள் அறிவார்களாக. பிரான்சிலே மொன்கோல்ஃபியர் சகோதரர்கள் வெப்பக் காற்றுக் கூண்டை ஏற்றியது 1783ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டு, 1784 சித்திரையிலேயே, அனுமதியின்றிக் கூண்டு விடலாகாது என்று பாரிஸ் நகரப் பொலிஸார் கட்டளையிட்டனர். 1944ஆம் ஆண்டிலே சிக்காகோவில் நாடுகள் கூடிச் செய்த விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரையோ, ஓட்டுநரில்லாத விமானம் எதுவும் ஒரு நாட்டின் விசேட அனுமதியின்றி அந்நாட்டின் மேலே பறத்தலாகாது என்று அன்றே கூறிவிட்டது. நமது பிள்ளைகளின் கையிலே ட்ரோன் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுதப்பட்ட விதி அது.

சரி, ஒருவனுடைய தலைக்கு மேலேயுள்ள ஆகாயம் யாருக்குச் சொந்தம்? இவ்வினாவுக்கு விடை சொன்ன வழக்கொன்றை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்காவிலே வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ என்னும் ஊருக்கருகே, கோழிப் பண்ணை வைத்திருந்தார் கோஸ்பி என்பவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே படை விமானங்கள் அவருடைய நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்திலே பறந்தன. இரைச்சலினால் வெருண்ட கோழிகள் சுவரிலே மோதி மோதி இறந்தன; ஏறக்குறைய 150 கோழிகள் மாண்டன. குடும்பத்தாருக்கு உறக்கம் இல்லை. வழக்கு மேன்மை நீதிமன்றம் வரை சென்றது. 1946ஆம் ஆண்டிலே நீதிமன்றம் இரண்டு விஷயங்களைக் கூறிற்று. நிலத்துக்குரியவனுக்கே வானம் வரையும் சொந்தம் என்ற பழைய கொள்கை இக்காலத்துக்கு ஒவ்வாது, ஆகாயம் பொதுவழி. ஆயினும், தன் நிலத்தை நிம்மதியாய் அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு தாழ்வான ஆகாயம் நிலத்துக்குரியவனுடையதே. கோஸ்பிக்கு நட்டஈடு பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் கூடாரத்திலே தங்குபவனுக்கு நிலம் சொந்தமன்று. அவன் ஓரிரவு விருந்தினன். அவனுக்குச் சுவரும் துணி, கூரையும் துணி. விமானச் சட்டங்கள் பெரும்பாலும் விபத்தையும் நாட்டின் பாதுகாப்பையும் கருதிப் பிறந்தவை. காட்டுச் சட்டங்கள் விலங்கையும் மரத்தையும் கருதிப் பிறந்தவை. ஓடையிலே குளிக்கும் பெண்ணின் நாணத்தையும், துணிச் சுவருக்குள்ளே உறங்கும் முதியவரின் அமைதியையும், பழைய துன்பத்தைச் சுமந்திருக்கும் தாயின் நெஞ்சையும் அளந்து சொல்லும் சட்ட வாசகம் எளிதில் அமையாது. அங்கே காவல் நிற்கவேண்டியது மனிதனுடைய பண்பு ஒன்றே.

பண்பு தவறினால் விளைவது யாது என்பதை அமெரிக்கப் பூங்காக்கள் கண்டுகொண்டன. 2014ஆம் ஆண்டு சித்திரையிலே கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கிற் சூரியன் மறைவதை அமைதியாகக் காணக் கூடியிருந்தோரின் தலைக்கு மேலே ஒரு ட்ரோன் இரைந்து திரிந்து, ஈற்றிற் பள்ளத்திலே விழுந்தது. அதே மாதம் சயன் பூங்காவிலே ஒரு ட்ரோன் மலையாட்டுக் கூட்டத்தை வெருட்டியது. குட்டிகள் தாய்களிலிருந்து பிரிந்தன. அவ்வாண்டு ஆனியிலே தேசியப் பூங்காச் சேவையின் தலைமையகம் எல்லாப் பூங்காக்களிலும் ட்ரோனைத் தடை செய்யுமாறு பணித்தது. எவரோ சிலர் கேளாமல் எழுப்பியதனால், கேட்டு எழுப்பியிருக்கக்கூடிய அனைவருக்கும் கதவடைந்தது.

விலங்குகள் ஓடாவிட்டால் அவற்றுக்குத் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலே கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெளியே பார்க்கும்போது கரடிகள் பெரும்பாலும் அசையாமலே இருந்தன. உள்ளேயோ இதயத் துடிப்பு ஏறிற்று. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்புகள் அதிகரித்தன. இதனைப் படித்தபோது நமக்கு அந்தச் சகோதரியின் நினைவே வந்தது. அவர் அன்று அலறினார். ஆகையால் நாம் அறிந்தோம். அலறாமல், புன்னகையை மாற்றாமல், உள்ளே மாத்திரம் துடித்துக்கொண்டிருப்போர் நமது பக்கத்துக் கூடாரங்களிலே எத்தனை பேரோ?

யானையின் கதை நமக்கு இன்னும் அணித்தானது. யானை தேனீக்கு அஞ்சும். உடவளவைப் பூங்காவிலே நமது நாட்டு யானைகளுக்குத் தேனீக்களின் சினந்த இரைச்சலைப் பதிவு செய்து கேட்பித்தபோது அவை பின்வாங்கின என்று 2018ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. தன்சானியாவிலே பயிரை அழிக்க வரும் யானைகளை ட்ரோனின் இரைச்சலினால் விரட்டிப் பார்த்து நற்பயன் கண்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் கையிலே அது காவற் கருவி. கூடாரத்தருகே நின்று விளையாட்டாய் ஏற்றுபவன் கையிலோ? வெருண்டோடும் யானை, பாதை எது, கூடாரம் எது என்று பார்த்து ஓடப்போவதில்லை.

இவ்வளவும் கூறியதனால் நாம் இக்கருவிக்குப் பகைவர் என்று எவரும் கருதவேண்டாம். உருவாண்டா நாட்டிலே 2016ஆம் ஆண்டு முதல் மலைப்பாதைகளைத் தாண்டி ஆஸ்பத்திரிகளுக்கு இரத்தம் கொண்டுசெல்வது ட்ரோனே. 2018 தையிலே அவுஸ்திரேலியாவின் லெனொக்ஸ் ஹெட் கடற்கரையில் அலையில் அகப்பட்ட இரு இளைஞருக்கு மிதவையைப் போட்டுக் கரைசேர உதவியதும் ட்ரோனே. இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. கீழே இருப்பவனுக்கு அது எதற்காக வருகிறது என்று தெரியும். தெரிந்தால் இரைச்சலும் ஆறுதலாகிறது.

தெரியாதபோதுதான் அச்சம். கொழும்பு மக்களாகிய நமக்கு இதுவும் புதிதன்று. 2019 சித்திரை 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நாம் வளர்ந்த கொட்டாஞ்சேனைக்கு அணித்தே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது. நாடு முழுவதும் நடுங்கியிருந்த அவ்வாரத்திலேயே, 25ஆம் நாள், நாடெங்கும் ட்ரோன் பறப்பதை அதிகாரசபை நிறுத்தியது. பின்னர்க் கட்டுப்பாடுகளுடனேயே அனுமதி திரும்பிற்று. 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்திலே, முடக்கத்தை மீறுவோரைப் பிடிக்கப் பொலிஸார் விமானப் படையின் ட்ரோன்களைப் பயன்படுத்தினர். ஒழுங்கைகளில் வாழ்ந்தோர் தலைக்கு மேலே கேட்ட இரைச்சலை மறந்திருக்கமாட்டார்கள். நோக்கம் நல்லதாயினும், மேலேயிருந்து ஒரு கண் பார்க்கிறது என்ற உணர்வு எவருக்கும் இனிப்பதில்லை.

ஆகவே, விடுமுறைக்குக் கூடாரம் கட்டப் புறப்படும் குடும்பத்தாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. வீட்டிலிருந்து புறப்படுமுன் அதிகாரசபையின் அப்போதைய விதிகளைக் கேட்டறியுங்கள், விதிகள் மாறுவதுண்டு. செல்லும் இடம் எந்தத் திணைக்களத்துக்கு உரியது, அல்லது எவருடைய தனிக்காணி என்று விசாரித்து அவர்களுடைய சம்மதத்தைப் பெறுங்கள். சட்டத்தின் சம்மதம் கிடைத்த பின்னரும் ஒரு சம்மதம் மீதியிருக்கிறது. அயற் கூடாரங்களுக்கு நடந்து சென்று, "சிறிது நேரம் இதனைப் பறக்கவிட எண்ணியிருக்கிறோம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணம் கேளாமற் பெட்டியை மூடிவிடுங்கள். காரணம் சொல்ல முடியாதபடி பெரிதாக இருக்கலாம். குளிக்கும் துறைப்பக்கம் எக்காரணம் கொண்டும் திருப்பாதீர்கள். எடுத்த படத்திலே பிறர் தோன்றினால், அவரைக் கேளாமல் எவருக்கும் அனுப்பாதீர்கள். கையடக்கத் தொலைபேசியிலே ஒரு முறை அனுப்பிய படம், விட்ட அம்பைப்போலத் திரும்பி வராது.

அன்று காலை நிகழ்ந்ததன் முடிவையும் சொல்லிவிடுகிறோம். மருமகன் நெடுநேரம் ஓடைக் கரையிலே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வன்னியைப் பற்றி அவனுக்கு எவரும் இவ்வாறு சொன்னதில்லை. படித்திருக்கிறான், ஆனால் ஒரு தாய் பாறையடியிலே குழந்தைகளின் மேற் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததில்லை. பின்னர் எழுந்து சென்று, "அன்ரி, என்னை மன்னியுங்கோ" என்றான். அவனுக்கு முன்னதாகவே சென்று மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டியவர் நாம். எடு, எடு என்று சொன்ன வாய் நம்முடையதன்றோ? நாமும் அவன் பின்னே சென்று நின்றோம்.

அந்தச் சகோதரி தேநீர்க் கோப்பையைக் கையிலே பிடித்தபடி இருந்தார். கை இன்னும் சிறிது நடுங்கிற்று. "நீ தெரியாமற் செய்தது, ராசா. உன்னிலை கோபமில்லை" என்றார். பிறகு சிறிது பொறுத்து, "ஏத்த முதல் ஒருக்கால் கேட்டிருந்தால், நான் பிள்ளையளோடை வந்து நிண்டு பார்த்திருப்பன்" என்றார்.

நாம் அறிந்த சட்ட வாசகம் எதுவும் இதனினும் தெளிவாகச் சொன்னதில்லை. அவர் அஞ்சியது யந்திரத்துக்கன்று. யாருடையது, எதற்காக என்று அறியாமல் தலைக்கு மேலே வந்த இரைச்சலுக்கே.

கொழும்புக்குத் திரும்பிய மறுவாரம் மருமகன் நம்மைக் கேட்டுக் காகிதமும் மூங்கிற் குச்சியும் வாங்கினான். நமது தந்தையார் எண்பது வயதிலே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவனுக்கு விண் கட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு மாலை மூன்று குடும்பமும் காலிமுகத்திடலுக்குச் சென்றோம். ஏற்றுமுன் அவன் மேல்மாடிச் சகோதரியிடம் சென்று, "அன்ரி, இது கொஞ்சம் சத்தம் போடும். ஏத்தட்டா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டு தலையசைத்தார். பட்டம் எழும்பிற்று, விண் இரைந்தது. அவருடைய இளைய மகள் நூலின் முனையை இரு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள்.